துப்பாக்கிக்கும் தராசு உண்டு!

பினாங்குக்குப் போயிருக்கிறீர்களா? ஜார்ஜ் டவுனிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் வழியில் உயர்ந்த அடுக்குமாடி வீடுகள் வரிசையாக நிற்கும். அந்த இடத்துக்கு ரைபிள் ரேஞ்ச் என்று பெயர். மலாய் மொழியில் பாடாங் தெம்பாக் என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: துப்பாக்கி சுடும் திடல். முன்பு அங்கே சுடும் திடல் இருந்தது. இன்று வெடிச் சத்தம் இல்லை. துணி காயும் கொடிகளும் பிள்ளைகளின் கூச்சலும்தான் இருக்கின்றன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, பஸ்ஸில் இந்தப் பெயர்க் கதையைச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

“சார், துப்பாக்கி சுடுறதுல போட்டி வெச்சா, விலை கூடின துப்பாக்கி வெச்சிருக்கிறவன்தானே ஜெயிப்பான்?”

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறுங்காலோடு ஓடும் பிள்ளை, பக்கத்துக் கோட்டில் முள் சப்பாத்து போட்டு நிற்பவனைப் பார்த்ததும் ஓடும் முன்பே தோற்றுவிடுகிறான். அவன் மனத்தில் இருக்கும் கேள்விதான் இது. இதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று அந்த விளையாட்டின் விதிகளைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கி வீரர்கள் நின்ற இடத்தில் நின்று, எதிரே உள்ள இலக்கைக் குறி பார்த்துச் சுடுவார்கள். இன்னொரு வகையும் உண்டு. அதற்கு ‘பிராக்டிகல் ஷூட்டிங்’ என்று பெயர். இதில் வீரர் ஓடுவார், தடுப்புகளைச் சுற்றி வருவார், போகிற போக்கில் அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுடுவார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கான அனைத்துலக அமைப்பு, ஐ.பி.எஸ்.சி., 1976 மே மாதம் அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், பலம், வேகம் என்ற மூன்று சொற்களே அதன் தாரக மந்திரம். இதன் உலகப் போட்டி 2008-இல் பாலித் தீவிலும், 2022-இல் தாய்லாந்தின் பட்டாயாவிலும் நடந்தது. நம் வாசல் வரை வந்து போன விளையாட்டு!

தொடக்கத்தில் எல்லாரும் ஒரே களத்தில்தான் மோதினார்கள். பிறகு என்ன ஆயிற்று? வசதி உள்ளவர்கள் துப்பாக்கியை அலங்கரிக்கத் தொடங்கினார்கள். சுடும்போது குழல் மேலே துள்ளாமல் அடக்கும் கருவியை முனையில் பொருத்தினார்கள். சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியை மேலே மாட்டினார்கள். 1990-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில், அப்படிப்பட்ட கண்ணாடியோடு வந்த டக் கோனிக் வாகை சூடினார். சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பவர் என்ன செய்வார்? எங்கள் மாணவன் கேட்ட கேள்வியை அன்று அவர்களும் கேட்டிருப்பார்கள். 1990களில் பிரிவுகள் பிறந்தன.

நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் எட்டு வயதுப் பிள்ளையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் ஒன்றாக ஓட விடுவோமா? மாட்டோம். அங்கே வயதைப் பார்த்துப் பிரிக்கிறோம். இங்கே கருவியைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்.

கண்ணாடி, துள்ளல் அடக்கி எல்லாம் வைத்திருப்பவர்களுக்கு ‘ஓப்பன்’ பிரிவு. அங்கும் எல்லை உண்டு: தோட்டா அடைக்கும் மெகசின் 170 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. ‘ஸ்டாண்டர்டு’ பிரிவில் கண்ணாடியும் கிடையாது, அடக்கியும் கிடையாது. மெகசினோடு சேர்த்துத் துப்பாக்கி ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும். பெட்டியின் அளவு 225, 150, 45 மில்லிமீட்டர். அடங்காவிட்டால் அந்தப் பிரிவில் இடமில்லை! ‘புரொடக்‌ஷன்’ பிரிவு கடையில் வாங்கியபடியே இருக்கும் துப்பாக்கிக்கு. குழல் நீளம் 127 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தொடக்க ஒலி கேட்கும்போது மெகசினில் 15 தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய அமெரிக்க மாதிரித் துப்பாக்கிகளுக்குக் ‘கிளாசிக்’, சுழல் துப்பாக்கிக்கு ‘ரிவால்வர்’ என இன்னும் பிரிவுகள் உண்டு.

போட்டிக்கு முன்பே வீரர் தம் பிரிவைச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிரிவின் விதிக்கு அவர் கருவி பொருந்தவில்லை என்று போட்டி நடுவில் தெரிந்தால், அவரை ‘ஓப்பன்’ பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். தந்திரம் செய்து ஜெயிக்க வந்தவர், எல்லா வசதியும் உள்ளவர்களோடு மோத வேண்டியதுதான்!

இனித் தராசுக்கு வருவோம். பலம் குறைந்த தோட்டா மெல்லச் சுடும்; கை அதிராது; வேகமாக அடுத்ததைச் சுடலாம். அது நியாயமா? அதனால் வீரரின் தோட்டாக்களில் சிலவற்றை எடுத்து, ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுக்கிறார்கள். மற்றவற்றை அவர் துப்பாக்கியிலேயே சுட்டு வேகத்தை அளக்கிறார்கள். கிரெயின் கணக்கில் எடை, விநாடிக்கு இத்தனை அடி என்ற கணக்கில் வேகம். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 124 கிரெயின் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் விடை 130.2. குறைந்தது 125 வேண்டும், ஆகவே தேர்ச்சி. ‘ஸ்டாண்டர்டு’ பிரிவில் 170-ஐ எட்டினால் அது ‘மேஜர்’. நடு இலக்கைத் தொட்டால் இருவருக்கும் 5 புள்ளி. சற்று விலகினால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. ஓரத்தில் பட்டால் 2, 1. அதிர்ச்சியைத் தாங்கிச் சுடுபவருக்கு அந்தச் சலுகை.

பிறகு புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். ஒருவர் 20 விநாடியில் 80 புள்ளி எடுக்கிறார், விடை 4. இன்னொருவர் 16 விநாடியில் 72 புள்ளி, விடை 4.5. இரண்டாமவரே முந்தினார். அதற்காகக் கண்மூடித்தனமாக ஓடவும் முடியாது. குறி தவறினால் 10 புள்ளி போய்விடும். சுடக் கூடாத அட்டையைச் சுட்டாலும் 10 போய்விடும். அவசரம் மட்டும் போதாது, நிதானம் மட்டும் போதாது. வீட்டில் உங்கள் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்!

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. குழல் முனை அனுமதித்த திசையை விட்டுத் திரும்பினாலோ, கையில் எடுத்த துப்பாக்கி கீழே விழுந்தாலோ, இடம் மாறும்போது விரல் விசையைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, போட்டி முழுவதிலிருந்தும் நீக்கம். உலக வீரராக இருந்தாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். துப்பாக்கியைச் சரிபார்க்கத் தனி இடம் உண்டு. அங்கே தோட்டாவைத் தொடவே கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு இல்லாமல் சுட விடமாட்டார்கள்.

பெற்றோர்களே, இங்கே உங்களிடம் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, போலீஸ் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். உண்மைத் துப்பாக்கி போலவே தோன்றும் போலித் துப்பாக்கியும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. இப்போது கைப்பேசியில் சொன்னால் வீட்டுக்கே வந்துவிடுகின்றனவே, ஜெல் குண்டு சுடும் துப்பாக்கிகள், அவற்றை ‘பொம்மைதானே’ என்று விட்டுவிடாதீர்கள். சினிமாக் கதாநாயகன் ஒரு கையால் சுழற்றிச் சுடுகிறான். உண்மை வீரனோ, விரலை எப்போது விசையில் வைக்கக் கூடாது என்பதை முதலில் கற்கிறான். எது வீரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்குப் பதில் சொன்னேனா? சொன்னேன். “தம்பி, பணம் இருப்பவனுக்குப் பயிற்சித் தோட்டா நிறையக் கிடைக்கும். அதை எந்த விதியாலும் தடுக்க முடியாது. ஆனால் கோட்டில் வந்து நின்ற பிறகு, உன் கருவியைப் போன்ற கருவிதான் உன் பக்கத்தில் இருப்பவனுக்கும். அதைப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள்; குண்டைத் தராசில் நிறுப்பார்கள். மீதி உன் கையில்தான்” என்றேன்.

அவன் சற்று யோசித்தான். “அப்போ நம்ம ஓட்டப் போட்டியில மட்டும் ஏன் சார் சப்பாத்தைப் பார்க்க மாட்டேங்கறாங்க?” என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை, வாசகர்களே. ஆனால் அடுத்த விளையாட்டுப் போட்டிக்கான கூட்டத்தில் அந்தக் கேள்வியை நான் எழுப்பத்தான் போகிறேன். உங்கள் பள்ளியிலும் எழுப்புங்கள். ஓட்டக் கோட்டில் நிற்கும் எல்லாக் கால்களும் சப்பாத்தோடு, அல்லது எல்லாக் கால்களும் வெறுங்காலோடு. விதி என்றால் அதுதான்!