அடிக்கடி இறங்கும் பாட்டரி: மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள்



கார் என்பது செல்வந்தர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பம்மல், பல்லாவரம் எனத் தென்சென்னைப் புறநகர் எங்கும் நடுத்தரக் குடும்பங்களின் வாசலிலும் வண்டிகள் நிற்கின்றன. வாடகைக் கார் ஓட்டியும், சரக்கு ஆட்டோ ஓட்டியும் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் நம்மிடையே பலர். காலையில் சாவியைத் திருப்பும்போது 'டக், டக்' என்ற ஓசையோடு வண்டி அடங்கிவிட்டால், அவர்களுக்கு அன்றைய வருவாயே அடங்கிவிடுகிறது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றியபின் அவ்வாறு நேர்ந்தால் கேட்கவே வேண்டாம். (அவ்வேளையில் வண்டியோடு போராடாமல் உடனே 108க்கு அழையுங்கள்.)

'பாட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள்' என்பதே நாம் வழக்கமாகக் கேட்கும் தீர்ப்பு. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றுகிறோம். சில வாரங்களில் அதே நோய் திரும்புகிறது. காரணம் என்ன?

பள்ளிவாசல் ஹவுளைப் பாருங்கள்

1859ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க மின்கலத்தை உருவாக்கினார். இன்று நம் கார்களில் இருப்பது பெரும்பாலும் அதன் வழித்தோன்றலே. சற்றேறக்குறைய 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகள் சேர்ந்து ஒரு 12 வோல்ட் பாட்டரி ஆகிறது.

இதன் இயல்பை அறியப் பள்ளிவாசல் ஹவுளை நினைத்துக்கொள்ளுங்கள். மக்கள் ஒளுச் செய்யச் செய்ய நீர் குறைகிறது. மோட்டார் அதை நிரப்புகிறது. ஒரு நாள் ஹவுள் வற்றிக் கிடந்தால் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். மோட்டார் சரியாக நீர் இறைக்கவில்லை. அல்லது எங்கோ ஒரு குழாய் கசிகிறது. அல்லது தொட்டியே தூர்ந்து கொள்ளளவு குறைந்துவிட்டது. பாட்டரிக்கும் இம்மூன்றே. மோட்டாரின் இடத்தில் இருப்பது ஆல்டர்னேட்டர். குழாய் கசியும்போது தொட்டியை இடித்துக் கட்டுவதால் பயன் உண்டா?

தொட்டி தூர்வது

பாட்டரி இறங்கிய நிலையிலேயே நெடுநாள் கிடந்தால், தகடுகளின்மீது ஈய சல்பேட் படிகங்கள் இறுகிப் படிகின்றன. பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலிமை திரும்புவதில்லை. வெப்பம் இதன் மற்றொரு பகை. நம் ஊர்க் கோடையில் போனட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் பாட்டரியில் நீர் ஆவியாகிறது. தகடுகளும் விரைவில் அரிக்கப்படுகின்றன. நீர் ஊற்றும் வகையாயின் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குடிநீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ கூடாது. அவற்றிலுள்ள உப்புகள் பாட்டரியைக் கெடுத்துவிடும்.

மோட்டார் இறைக்காமை

எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகளில் மிகுந்த மின்சாரத்தை இழுத்துக்கொள்கிறது. அதை ஈடுசெய்யக் கணிசமான நேரம் வண்டி ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே செல்லும் வண்டிக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில், ஏ.சி.யும் முகப்பு விளக்கும் எரிய ஊர்ந்து செல்லும்போது வரவைவிடச் செலவு மிகக்கூடும். பெல்ட் தளர்ந்திருந்தாலும், டெர்மினல்களில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும் இதே விளைவுதான். பூத்ததைச் சோடா உப்புக் கரைசலால் கழுவித் துடைத்து, இறுக முடுக்கி, சிறிது வாசலின் தடவினால் போதும். ஒரு ரூபாய்ச் செலவில் தீரும் நோய் அது.

குழாய் கசிவது

நிறுத்திவைத்த வண்டியிலும் கடிகாரம், திருட்டு அலாரம், கணினிப் பெட்டி ஆகியவை சிறிதளவு மின்சாரம் உண்கின்றன. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் அது இயல்பு. ஆனால் அந்த இயல்பே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பாட்டரியை அது ஒரு மாதத்துக்குள் வற்றச் செய்துவிடும். அதற்கு வெகு முன்பே வண்டி கிளம்ப மறுக்கும். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் அடைக்கப்பட்டதும், அதே ஆண்டு ஜூன் 19 முதல் 30 வரை சென்னையும் அதன் சுற்றுப்புறங்களும் மீண்டும் முடக்கப்பட்டதும் நினைவிருக்கும். பழுதற்ற வண்டிகளும் அப்போது பாட்டரி இறங்கிக் கிடந்தன. வெளியூர் செல்வோரும், வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து ஆண்டுக்கொருமுறை வருவோரும் புறப்படுமுன் பாட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றி வைத்துவிடுவது நலம்.

கசிவு எவ்வளவு எளிதாக மறைந்திருக்கும் என்பதற்கு ஒரு சான்று. எங்கள் மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேனுக்குப் புதிய பாட்டரி வாங்கியும் தொல்லை தீரவில்லை. அது சனிக்கிழமைக் காலைகளில் மட்டுமே கிளம்ப மறுக்கிறது என்பதை ஓட்டுநர்தான் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. இரவில் சென்று பார்த்தபோது, கடைசி இருக்கைக்கு மேலுள்ள சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் விளையாட்டாய்ப் போட்ட ஸ்விட்ச்; பகல் வெளிச்சத்தில் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. 5 வாட் பல்பு மணிக்கு 0.4 ஆம்பியர்-மணியைக் குடிக்கிறது. வியாழன் மாலை முதல் சனி காலை வரை 40 மணி நேரத்தில் 16 ஆம்பியர்-மணி! மற்ற நாட்களில் வேன் மறுநாளே ஓடியதால் இழப்பு ஓரளவு ஈடாயிற்று. மக்கள் தந்த நன்கொடையில் புதிய பாட்டரி வாங்கினோம். தேவைப்பட்டதோ ஸ்விட்சின்மீது ஒட்ட ஒரு துண்டு டேப். ஆகவே எந்த நாளில், எத்தனை மணி நேரம் நின்றபின் வண்டி மறுக்கிறது என்பதைக் குறித்துவையுங்கள்.

நீங்களே சோதிக்கலாம்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும்.

முதலாவது: வண்டி பல மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது அளவெடுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வறட்சி.

இரண்டாவது: எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.6ஐத் தாண்டாவிடில் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ கவனியுங்கள். 15ஐத் தாண்டினால் மின்னேற்றம் மிகுந்து பாட்டரி வெந்துபோகும்.

மூன்றாவது: முழுமையாக மின்னேற்றிய பாட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் தொட்டி தூர்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

நான்காவது: கசிவுச் சோதனை. இதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்விப்பது பாதுகாப்பானது. கறுப்பு முனையைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் அளவில் இணைத்து, கதவுகளை மூடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அளவு மிகுதியாயின் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் அளவு சட்டென்று வீழ்கிறதோ, கசிவு அந்த வழியில்தான். மீட்டர் இணைந்திருக்கையில் வண்டியைக் கிளப்பலாகாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் நீரில் ஆழ்த்தியது. நீரில் நின்ற வண்டியைக் கிளப்ப முயலாதீர்கள், எஞ்சினே உடைந்துபோகலாம். கறுப்பு முனையைக் கழற்றிவிட்டு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். வயர் இணைப்புகளில் தங்கிய ஈரமும் சேறும் மாதங்கள் கழித்தும் கசிவை உண்டாக்கும்.

உயிருக்கு ஆபத்து வேண்டாம்

மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அருகில் தீப்பெட்டியோ பீடியோ கூடாது. கழற்றும்போது கறுப்பு முனை முதலில். மாட்டும்போது சிவப்பு முனை முதலில். வேறொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுகையில் இரு சிவப்பு முனைகளை இணைத்தபின், நல்ல பாட்டரியின் கறுப்பு முனையில் ஒரு நுனியை மாட்டி, மறு நுனியைப் பழுதான வண்டியின் எஞ்சின் இரும்பில், பாட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

இருவருக்கும் கடமை உண்டு

மெக்கானிக் தொழிலில் உள்ள சகோதரர்களே! வாடிக்கையாளருக்கு மின்சாரம் தெரியாது. உங்கள் சொல்லே அவருக்குச் சான்று. அளவையில் மோசடி செய்வோரை எச்சரித்துத் தொடங்கும் 'முதஃப்பிஃபீன்' என்னும் அத்தியாயம் திருக்குர்ஆனில் 83ஆவதாக உள்ளது. வோல்ட்டும் ஓர் அளவையே. மீட்டரை அவர் கண்முன் வைத்துக் காட்டிவிட்டுப் பிறகு விலை சொல்லுங்கள்.

வாகன உரிமையாளர்களே! பழைய பாட்டரியைத் தெருவில் உடைத்து ஈயம் எடுப்போரிடம் தராதீர்கள். ஈயத்தில் தீங்கற்ற அளவு என எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது. பாட்டரிக் கழிவை மற்ற குப்பையோடு சேர்க்காமல், முறையாகச் சேகரிப்போரிடம் ஒப்படைப்பதை 2022ஆம் ஆண்டின் விதிகள் பயனாளியின் கடமையாக்கியுள்ளன. கடையில் திருப்பித் தந்தால் விலையிலும் தள்ளுபடி கிடைக்கும். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யாமை நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை அல்லவா?

பொருளை வீண் விரயம் செய்யாமலும், பிறருக்குத் தீங்கிழைக்காமலும் வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.