வெந்நீர்க் கலமும் வீண்போகும் மின்னும்

தம்பலகாமத்தார் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை நன்கறிவர். நிலத்தடி வெப்பம் எவரிடமும் கட்டணம் அறவிடுவதில்லை. நம் வீட்டு மின் வெந்நீர்க் கலமோ, ஒரு துளி நீரும் எடாத வேளையிலும் மின்னை உண்கின்றது.

60 பாகை நீரின் வெப்பம் கலத்தின் சுவர்வழியே இடைவிடாது கசிகின்றது. நீர் சிறிது ஆறியதும் வெப்பநிலைநிறுத்தி மின்னைத் தானே திறந்துவிடுகின்றது. பௌதிக வகுப்பிற் கற்ற தன்வெப்பக் கணக்கு இங்கே உதவும். தமிழாசிரியராகிய நமக்கும் அது மறந்திலது. 50 இலீற்றர் நீர் 10 பாகை ஆறின், அதனை மீட்க ஏறக்குறைய 0.6 அலகு மின் வேண்டும். நாள்தோறும் இவ்வாறு நிகழின் மாதத்துக்கு 18 அலகாகும். பாவனை ஏற ஏற அலகின் விலையும் ஏறும் நம் நாட்டில் இது சிறு தொகையன்று.

“நிறுத்திவிட்டு மீண்டும் சூடாக்கினாற் செலவு கூடும்” என்பார் பலர். நாம் அதனை ஏற்கோம். கசியும் வெப்பம், நீருக்கும் சூழலுக்குமுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. ஆதலின் ஆறிய நீர் குறைவாகவே இழக்கும். சுற்றுக்காற்றின் அளவுக்கு இறங்கிய நீர் இழப்பதற்கு யாதுமில்லை. ஐயுறுவோர், பிற மின்பொருள்களை நிறுத்தி, நீர் எடாது, சில மணிநேரம் மின்மானியை நோக்குக. 1500 உவாற்றுக் கலம் 50 இலீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 70 நிமிடமே வேண்டும்.