வலி இல்லாத கட்டி

“ஏன் முன்பே வரவில்லை?” மார்பகக் கட்டி புண்ணாகிய பின் வரும் பெண்ணிடம் மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பது எளிது. கணியம்பாடியிலிருந்து அமிர்தியைக் கடந்து ஜவ்வாது மலைக்குள் சென்று பார்த்தால் விடை கிடைக்கும்.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. தொடக்கத்தில் அக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குக் காத்திருந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு மலையிறங்க யாருக்கு மனம் வரும்? ‘சாமை அறுவடை முடியட்டும்’ என்று நாள் தள்ளிப்போகிறது. ஆண் மருத்துவர் பார்ப்பாரோ என்னும் கூச்சம் வேறு. பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டுமெனத் தயங்காமல் கேட்கலாம். ஊசியால் சதை எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்ற அச்சமும் பலரிடம் உண்டு, அது உண்மையன்று. மார்பகம் முழுவதையும் அகற்றுவதும் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

நோயைக் கண்டறிய முதலில் பெரிய கருவி வேண்டுமென்பதில்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெண்களின் மார்பகத்தைக் கையால் பரிசோதித்தனர். ஆய்வில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் பங்கேற்றனர். ஐம்பது வயதைக் கடந்தோரிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததென 2021-இல் முடிவு வெளியாயிற்று. கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு, தோலில் சுருக்கம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள்.

வந்து சேர்வதைவிட, சிகிச்சையை முடிப்பதே கடினம். கீமோதெரபி மருந்து பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பல மாதங்கள் செலுத்தப்படுகிறது. கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம்வரை வர வேண்டியிருக்கும். இரண்டு முறை மருந்து ஏறியதும் கட்டி சுருங்குவதைக் கண்டு, குணமாகிவிட்டதென வீடு திரும்புவோர் உண்டு. சுருங்கிய கட்டி மீண்டும் வளரும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. துணைக்கு வருபவர் இழக்கும் கூலியை அது ஈடுசெய்வதில்லை. ஆகவே யார் எந்த வாரம் உடன் வருவது, ஆடு மாடுகளை யார் பார்ப்பது என்பதைக் கணவரும் பிள்ளைகளும் முதல் நாளே பேசி முடிவு செய்ய வேண்டும். முதல் வருகையிலேயே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைச் சந்தித்துத் தங்குமிடம் பற்றிக் கேளுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும்.