தந்தி போன பின்னும் மோர்ஸ் பரீட்சை எதற்கு?

ஊரிலிருந்து தந்தி என்றாலே, பிரித்துப் படிக்கும் முன் கை நடுங்கிய காலம் உண்டு. பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த நம்மவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆனால், ஒரு காலத்தில் தந்தியைச் சுமந்து வந்த மோர்ஸ் சங்கேதம் இன்னும் சாகவில்லை. 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

அரசாங்கப் பரீட்சையில் தேறி, உரிமம் பெற்று, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிறவர்கள் இவர்கள். மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

எப்படி வந்தது?

முன்பு கப்பல்கள் மோர்ஸில்தான் அபாயச் செய்தி அனுப்பின. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. குறுக்கே ஒலிபரப்பும் அமெச்சூருக்கு இது புரியாவிட்டால் என்ன ஆகும்? உயிர் காக்கும் செய்தி அமுங்கிவிடும். ஆகவேதான் சிற்றலையில் பேச விரும்புவோருக்கு மோர்ஸ் பரீட்சை சர்வதேச விதியாயிற்று.

1999 பிப்ரவரியில் கப்பல்கள் செயற்கைக்கோள் உதவியுடன் இயங்கும் புதிய முறைக்கு முழுமையாக மாறின. 2003-ல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, பரீட்சை வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. பிரிட்டன் அதே ஆண்டிலும், அமெரிக்கா 2007 பிப்ரவரியிலும் அதைக் கைவிட்டன. இந்தியா நடு வழியில் சென்றது. கீழ்த்தர உரிமத்துக்கு மோர்ஸ் வேண்டாம். மேல்தர உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும் என்று வைத்தது.

இரு தரப்பு

'மோர்ஸை விடாதீர்கள்' என்போர் சொல்வதில் நியாயம் உண்டு. பேச்சு இரைச்சலில் மூழ்கும் இடத்திலும் மோர்ஸ் ஒலி காதில் விழும். சில வாட் சக்தியே போதும். கருவியும் எளிது, கைக்காசுக்குள் செய்துகொள்ளலாம்.

மறு தரப்புக்கு அந்தமானே சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. ஹாம் ஒலிபரப்புக்காக அங்கே சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர், போர்ட் பிளேரிலிருந்து குரல் வழியே செய்தி அனுப்பினர். 'உயிரோடு இருக்கிறார்களா?' என்று இங்கே தவித்த உறவினர்களுக்கு அது தெய்வ வாக்காக இருந்தது.

முடிவு என்ன?

ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியும், ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தாவும் மோர்ஸுக்குக் காதைப் பழக்க எத்தனை மாலைப் பொழுதுகள் வேண்டும்! மின்சாரம், வானொலி விதிகள் பற்றிய பரீட்சை அவசியம். தவறான ஒலிபரப்பு பிறருக்குத் தொல்லை. அஜாக்கிரதை உயிருக்கே ஆபத்து. மோர்ஸ் அப்படியல்ல. அது தெரியாததால் யாருக்கும் கேடில்லை.

பரீட்சையை எடுத்த அமெரிக்காவிலும் மோர்ஸ் அழியவில்லை, ஆசைப்பட்டவர்கள் கற்கிறார்கள். நல்ல கலைக்கு அது போதாதா? மோர்ஸை வீட்டுக்குள் வைத்துப் போற்றுவோம். வாசலில் காவலுக்கு நிறுத்த வேண்டாம்.