நகரசபை வேலையும் ஒப்பந்தகாரர் வழக்கும்

ஒருவர் கேட்டுக்கொண்டபடி மற்றொருவர் வேலை செய்துகொடுத்தால், அதற்குரிய பணத்தைக் கொடுப்பதே நியாயம். இதனை எவரும் மறுக்கார். ஆனால், வேலை செய்வித்தது ஒரு நகரசபையாக இருப்பின், இந்த எளிய நியாயமும் சில வேளைகளில் சிக்கலான வழக்காகிவிடுகின்றது.

காரணம் என்ன? ஒப்பந்தகாரர் கடன்பட்டுக் கல்லும் மணலும் வாங்குகிறார். வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கிறார். பணம் வராவிடின் அவர் குடும்பம் மட்டுமன்றி அவரை நம்பியவர்களும் இடர்ப்படுவர். மறுபுறத்தில், சபையின் பணம் வரியிறுப்பாளரின் பணம். ஓர் உத்தியோகத்தரின் வாய்ச்சொல்லால் அது கரைந்துவிடலாகாது என்பதற்காகவே, சபையின் ஒப்பந்தங்கள் இன்ன முறையில் எழுதப்படவேண்டுமெனச் சட்டம் விதிக்கின்றது. இவ்விரண்டு நியாயங்களும் மோதும்போது நீதிமன்றம் எதன் பக்கம் நிற்கும்?

இங்கிலாந்தின் லெமிங்டன் நகரில் எழுந்த வழக்கு இதற்குப் பெயர்பெற்றது. அந்நகரின் நீர்வழங்கல் வேலையை, நகராட்சிப் பொறியியலாளர் கேட்டுக்கொண்டபடி, யங் கம்பனியார் செய்தனர். நகரம் பயனடைந்தது. ஆனால் ஐம்பது பவுணுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, சபையின் பொது முத்திரை பெறவேண்டும் என்பது 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் விதி. இவ்வொப்பந்தத்திலோ முத்திரை இல்லை. 1883ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை கம்பனியாரின் கோரிக்கையை நிராகரித்தது. பயன்பெற்றதையே காரணமாகக் கொண்டு பணம் கொடுக்கச் செய்தால், வரியிறுப்பாளரைக் காக்க எழுந்த விதி வெறும் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும் என்பதே தீர்ப்பின் கருத்து. முத்திரை பற்றிய இப்பழைய கட்டாயத்தை இங்கிலாந்து 1960ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் கைவிட்டது.

இந்தியாவிலோ இதே சிக்கலுக்கு வேறொரு வழி திறந்தது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறைப்படி செய்த வேலையின் பயனை மற்றொருவர் அனுபவித்தால், ஈடு செய்யவேண்டும் என்கிறது. வங்காளத்தின் ஆராம்பாக்கில் 1944ஆம் ஆண்டு அரசாங்கத்துக்காகக் களஞ்சியக் கொட்டகைகள் முதலியவற்றைக் கட்டிய ஒப்பந்தகாரருக்கு முறையான ஒப்பந்தம் இருக்கவில்லை. எனினும், இப்பிரிவின்படி அவருக்கு ஈடு உண்டென 1961இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பின்னர், 1970இல், பூனா மாநகராட்சி சம்பந்தமான வழக்கிலும் இவ்விதியே பொருந்துமெனக் கொள்ளப்பட்டது.

இதனால் ஒப்பந்தம் எழுதுவது வீண் என்று எண்ணலாகாது. இவ்வழியிற் கிடைப்பது பெற்ற பயனுக்குரிய ஈடேயன்றி, பேசிய விலை அன்று. வேண்டாமென மறுப்பவர்மீது வேலையைத் திணித்துவிட்டுப் பணம் கேட்கவும் இயலாது. செய்த வேலையையும், சபை அதை ஏற்றுக்கொண்டதையும் ஒப்பந்தகாரரே நிரூபிக்கவேண்டும்.

ஆகவே, அத்திவாரம் வெட்டுமுன் பத்திரம் எழுதப்படுதல் நன்று. அதிகாரம் உள்ளவரே அதில் ஒப்பமிட்டாரா என்பதையும், மேலதிக வேலைக்குத் தனிக் கட்டளை உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பொதுப்பணத்தைக் காப்பதற்கு எழுந்தது அந்த முறை. உழைத்தவரின் கூலியை மறுப்பதற்கு அன்று. இரு பகுதியாரும் இதனை உணர்ந்து நடப்பின், நீதிமன்றப் படி ஏறவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.