இடக்கைப் பழக்கம் குற்றமல்ல

கொழுந்து எடுக்கும்போது நமக்கு இரண்டு கையும் சேர்ந்தே ஓடும். ஆனால் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கச் சொன்னால் ஒரு கைதான் முந்திக்கொண்டு வரும். பெரும்பாலானவர்களுக்கு அது சோத்தாங்கை. சிலருக்கு இடக்கை. அந்தச் சிலர் எத்தனை பேர்?

பல நாட்டுக் கணக்குகளை ஒன்றுசேர்த்த ஓர் ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளியானது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் அடக்கம். 100 பேரில் ஏறக்குறைய 10 பேர் இடக்கைக்காரர். பெண்களைவிட ஆண்களில் கொஞ்சம் கூட. ஆகவே 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று பேர் இடக்கையால் எழுதினால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இது பிள்ளையின் பிடிவாதமல்ல. தாயின் வளர்ப்புக் குறையுமல்ல. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளை எந்தக் கை விரலைச் சூப்புகிறது என்று ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். பரம்பரைக்கும் இதில் ஓரளவு பங்குண்டு. ஆனால் தாய் தகப்பன் இருவரும் வலக்கைக்காரராக இருந்தாலும் இடக்கைப் பிள்ளை பிறக்கலாம். அச்சு அசலான இரட்டைப் பிள்ளைகளில்கூட ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் இருப்பதுண்டு.

இங்கிலாந்தில் 1900ஆம் ஆண்டளவில் பிறந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 3 பேரே இடக்கையால் எழுதினார்கள். பள்ளிக்கூடங்களில் வற்புறுத்தல் குறையக் குறைய அந்தத் தொகை 10ஐத் தொட்டது. கையை மாற்றி எழுத வைத்தார்களே தவிர, பிள்ளையின் இயல்பு மாறவில்லை.

பெற்றோரே, "பீச்சாங்கை" என்று கேலி செய்யாதீர்கள். கையில் அடிப்பதும் கையைக் கட்டி வைப்பதும் வேண்டாம். அப்படிச் செய்தால் பிள்ளைக்குக் கொப்பியைத் திறக்கவே பயம் வந்துவிடும். சோத்தாங்கையால் சாப்பிடுவது நம் வழக்கம். அதை அன்பாகச் சொல்லிப் பழக்கலாம். எழுத்தை மட்டும் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். வாங்கின் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. கொப்பியின் மேல்பக்கத்தைச் சற்று வலப்பக்கமாகச் சரித்து வைத்தால் எழுதுவது சுலபம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு வயது நிறையாத பிள்ளை எப்போதும் ஒரே கையைப் பாவித்து, மற்றக் கையை அசைக்காமல் வைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அது பழக்கமல்ல, அந்தக் கையின் பலவீனமாக இருக்கலாம்.

2001இல் சிம்பாப்வேக்கு எதிரான ஒருநாள் போட்டியில் 8 விக்கெட்டுகளை வீழ்த்திய நம் நாட்டு சமிந்த வாஸ் பந்து வீசியது இடக்கையால்தான். உங்கள் பிள்ளை எந்தக் கையால் எழுதினாலும் சரி, எழுதட்டும்.