வலி மாத்திரை போட்டால் வயிற்றுப் புண் ஆறுமா?

கல்வராயன் மலையில் சாமை விதைத்து, மரவள்ளிக் கிழங்கு மூட்டை சுமந்து முழங்கால் தேய்ந்தவர்கள் பலர். வெள்ளிமலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்தால் எல்லா மருந்தும் கிடைக்கும். மலையானாலும் ஊரானாலும் சிலர் கேட்பது "செட் மாத்திரை"தான். பெயர் இல்லாத பொட்டலம்! இரவு போட்டால் காலையில் வலி இருக்காது.

சில மாதத்தில் வயிறு எரியும். வயிற்றில் புண் என்பார் டாக்டர், மருந்தும் தருவார். அதையும் போடுகிறார்கள், பொட்டலத்தையும் விடுவதில்லை. புண் எளிதில் ஆறுவதில்லை. ஏன்?

வயிற்றில் ஊறும் அமிலம் கறியையே கரைக்கும். வயிறு கரையாமல் இருப்பது எப்படி? உட்சுவரில் வழவழப்பான பசை ஒன்று பூசியிருக்கிறது. அதை ஊறச் செய்வது "புராஸ்டாகிளாண்டின்" என்ற பொருள். புண் ஆற ரத்தம் வரவேண்டும் அல்லவா? அதற்கும் இதுவே துணை. வேடிக்கை என்னவென்றால், மூட்டில் வீக்கமும் வலியும் உண்டாக்குவதும் இதே இனம்தான்!

ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இந்தப் பொருள் உண்டாகாமல் தடுக்கின்றன. லண்டனில் ஜான் வேன் என்ற விஞ்ஞானி 1971-ல் இதைக் கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசு பெற்றார். டைக்ளோபெனாக், இபுபுரூபன் மாத்திரைகளும் இப்படியே. மூட்டில் தடுத்தால் சுகம். வயிற்றிலும் தடுக்கின்றனவே!

"சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன்" என்பார்கள். பயன் குறைவு. மருந்து ரத்தத்தில் கலந்து வயிற்றுச் சுவருக்கு வருகிறது. ஊசியாகப் போட்டாலும் அப்படியே.

ஒரு வகைக் கிருமியாலும் புண் வரும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. வலி மாத்திரையால் வந்த புண், மாத்திரையை நிறுத்தி, அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் 8 வாரத்தில் ஆறிவிடும். இருதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. மூட்டு வலிக்கு என்ன செய்வது? பாராசிட்டமால் வயிற்றை அவ்வளவாகப் புண்ணாக்காது. அளவை டாக்டர் சொல்வார்.

இன்னோர் ஆபத்து: இந்தப் புண் வலிக்காமலே வளரக்கூடும். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மலைப்பாதையில் இறங்கி வரவே நேரம் ஆகும்.

அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "என்ன மாத்திரை போட்டீர்கள்?"

"வெள்ளையாக, சின்னதாக இருக்கும்" என்றால் அவர் என்ன செய்வார்? அட்டையோடு வாங்கியிருந்தால் பெயரைக் காட்டலாம்.